அந்தச் சூடெல்லாம் எங்கே போனது தெரியுமா?

1955 முதல் 2010 வரை கடலின் மேல் 2,000 மீட்டருக்குள் போய்ச் சேர்ந்த கூடுதல் வெப்பம் முழுவதையும் வெளியே எடுத்து, நம் தலைக்கு மேலே 10 கிலோமீட்டர் உயரம் வரை இருக்கும் காற்றுக்குள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? அந்தக் காற்று 36 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கும்! சித்திரை வெயிலில் வேலூரும் திருத்தணியும் 42 டிகிரியைத் தொடும்போதே தவித்துப்போகிறோம். அதற்கு மேல் இன்னொரு 36 டிகிரியை நினைத்துப் பாருங்கள். புல் பூண்டு மிஞ்சியிருக்காது.

அது நடக்கவில்லை. கடல் வாங்கிக்கொண்டது. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து நாம் காற்றில் ஏற்றிய கரியமில வாயு, பூமியை விட்டு வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. அப்படித் தங்கிப்போன வெப்பத்தில் 100க்கு 90 பங்குக்கும் மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. நிலம், பனி, காற்று மூன்றுக்கும் சேர்த்தே மீதி 10 பங்கு இல்லை! 2023க்கும் 2024க்கும் இடையில், ஒரே ஆண்டில், கடலுக்குள் சேர்ந்த வெப்பம் மட்டும் உலகம் ஓராண்டு முழுவதும் தயாரிக்கும் மின்சாரத்தைப்போல சுமார் 140 மடங்கு!

இவ்வளவு சூடு உள்ளே போனால் சும்மா கிடக்குமா? அது ஓடுகிறது, நுழைகிறது, எதிர்பாராத இடங்களில் எல்லாம் வெளிவருகிறது. அதன் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம், வாருங்கள்.

முதல் வேலையாகத் தண்ணீரையே பெருக்க வைக்கிறது! கடல் மட்டம் உயர்கிறது என்றதும் துருவத்துப் பனி உருகுவதுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 1971 முதல் 2018 வரை ஏற்பட்ட உயர்வில் ஏறக்குறைய பாதி, சூட்டினால் கடல்நீர் விரிந்ததால் மட்டுமே வந்தது. ஒரு சொட்டுப் புதுத் தண்ணீர்கூட சேராமலே! 1901 தொடங்கி 2018க்குள் உலகக் கடல் மட்டம் 20 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண், ஏறிவிட்டது. 1901 முதல் 1971 வரை சராசரியாக ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம் 2006க்குப் பிறகு 3.7 மில்லிமீட்டர். ஒரு சாண்தானே என்று தோன்றும். சரிவே இல்லாத தட்டையான மணல் கரையில் ஒரு சாண் உயரம் என்றால், தண்ணீர் எத்தனை அடி உள்ளே வரும் என்பதைக் குப்பத்தில் குடியிருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

சரி, உலகத்தின் வெப்பமண்டலக் கடல்களில் வேகமாகச் சூடேறுவது எது தெரியுமா? நம்முடைய இந்தியப் பெருங்கடல்தான்! 1950 முதல் 2020 வரை அதன் மேற்பரப்பு நூற்றாண்டுக்கு 1.2 டிகிரி என்ற வேகத்தில் சூடேறியிருக்கிறது என்று புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான குழு கணக்கிட்டது. நிலத்தில் அனல் காற்று வீசுவதுபோல கடலுக்குள்ளும் வெப்ப அலை உண்டு. முன்பு இந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்குச் சுமார் 20 நாட்கள்தான் அது. இன்றைய போக்கிலேயே போனால் இந்த நூற்றாண்டின் இறுதியில் 220 முதல் 250 நாட்கள்! வெப்ப அலை என்று அதற்குப் பிறகு எதைச் சொல்வது? அதுவே கடலின் வழக்கமான நிலையாகிவிடுமே!

இந்தச் சூடு நம் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது. மத்தி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரிப் பக்கம் சாளை என்பார்கள். ஏழை வீட்டுக் குழம்பில் மணக்கும் மீன் அது. கேரளக் கரையில் 2012இல் பிடிபட்ட மத்தி கிட்டத்தட்ட 4 லட்சம் டன். 2021இல் எவ்வளவு தெரியுமா? 3,297 டன்! 100 கூடை வந்த இடத்தில் ஒரு கூடைகூட வரவில்லை. அதைவிட வியப்பு, அடுத்த இரண்டே ஆண்டுகளில் மறுபடியும் லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அடிக்கடலின் குளிர்ந்த நீர் சத்துகளைச் சுமந்துகொண்டு மேலே வரும். அந்தச் சத்தில் நுண்ணிய பாசிகள் செழிக்கும், அவற்றைத் தின்று மத்தி கொழுக்கும். காற்று, சூடு, எல் நினோ, எதில் சற்று மாறுதல் வந்தாலும் மத்தியின் கணக்கு தலைகீழாகிவிடும். குஞ்சு மீனை வாரி எடுப்பதும் இந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம். எல்லாப் பழியையும் வானிலை மேல் போட்டுவிட முடியாது.

அதே மத்தி இன்னொரு காரியமும் செய்தது. 1980களின் நடுப்பகுதி வரை மலபார்க் கரைதான் அதன் வீடு. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் பேருக்குத்தான் கிடைக்கும். கடல் சூடேறச் சூடேற, குமரி முனையைச் சுற்றிக்கொண்டு வங்கக்கடல் பக்கம் வந்து, வலை நிறைய விழத் தொடங்கியது! இன்று நம் கிழக்குக் கரைத் துறைகளில் மத்தி ஒரு முக்கிய மீன்.

கானாங்கெளுத்தியோ வேறு வழி கண்டுபிடித்தது. பக்கவாட்டில் நகராமல் கீழே இறங்கிவிட்டது! மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மீன் அது. 1980களின் இறுதியில் இந்தியக் கடல்களில் பிடிபட்ட கானாங்கெளுத்தியில் 100க்கு 2 பங்கு மட்டுமே அடிமடி இழுவலையில் கிடைத்தது. 2000களின் நடுவில் அது 15 பங்கு. மேலே சூடு தாங்காமல் ஆழத்துக் குளிர்ச்சியைத் தேடிப் போயிருக்கிறது என்கிறார்கள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார். சந்தையில் சங்கரா என்று விற்கும் மீன்களில் ஒரு வகை, சென்னைக் கடலில் இடத்தை மாற்றவில்லை. காலத்தையே மாற்றிக்கொண்டது! ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெயில் மாதங்களில் முட்டையிடுவது படிப்படியாகக் குறைந்து, அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர் மாதங்களுக்கு நகர்ந்துவிட்டது. ஒரே சூட்டுக்கு மூன்று மீன்கள் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன!

மீன் இடத்தை மாற்றினால், காலத்தை மாற்றினால், கரையில் இருப்பவருக்கு என்ன ஆகும்? நம் மீனவர்கள் கையில் எந்த ஏட்டிலும் எழுதாத ஒரு பெரும் அறிவு இருக்கிறது. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். எந்தக் காற்றில் நீரோட்டம் எப்படித் திரும்பும், அந்த ஓட்டத்தில் எந்த மீன் எந்தப் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்கு, வரும் என்று தாத்தா அப்பாவுக்கும் அப்பா மகனுக்கும் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனியிலும் ஆடியிலும் கச்சான், ஐப்பசி பிறந்தால் வாடை என்று மாதத்தோடு மாதம் பொருந்தி நின்ற கணக்கு. காற்று முன்பின்னாக வரும்போதும், மீன் வேறு ஆழத்தில் நிற்கும்போதும் இந்தக் கணக்கு பிசகுகிறது. டீசல் செலவழித்து வெறும் வலையோடு திரும்பும் ஒவ்வொரு நாளும் பல தலைமுறை அறிவின் மேல் விழும் அடி. இந்த இழப்பை எந்தப் புள்ளிவிவரத்திலும் காண முடியாது. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

இனி பவளப்பாறைக்கு வருவோம். பவளப்பாறையின் நிறம் பெரும்பாலும் பவளத்தினுடையது இல்லை, தெரியுமா? அந்தச் சின்னஞ்சிறு உயிரின் உடலுக்குள் நுண்பாசிகள் குடித்தனம் இருக்கின்றன. தங்க இடம் கொடுப்பது பவளம். சூரிய ஒளியில் உணவு சமைத்து, பவளத்துக்கு வேண்டியதில் 100க்கு 90 பங்கு வரை வாடகையாகக் கொடுப்பது பாசி. நிறமும் குடித்தனக்காரருடையதே! கோடையின் உச்ச வெப்பத்தைவிட வெறும் 1 டிகிரி கூடி, அந்தச் சூடு சில வாரங்கள் நீடித்தால் போதும். பவளம் தனக்குச் சோறு போடும் பாசியையே வெளியேற்றிவிடும். பிறகு வெள்ளை எலும்பாகப் பட்டினியில் நிற்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும். தணியாவிட்டால் சாவு. இதில் ஓர் அதிசயமும் உண்டு. சில பவளங்கள் வெளுக்கும்போது ஊதா, நீலம், இளஞ்சிவப்பு என்று பளீரென ஒளிரும்! வெயிலைத் தடுக்கும் நிறமிகளைத் தாமே சுரந்து, ஓடிப்போன பாசியைத் திரும்ப அழைக்கும் முயற்சி அது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கடற்தரையில் 1 விழுக்காடுகூட இல்லாத இடத்தில்தான் பவளப்பாறைகள் இருக்கின்றன. ஆனால் கடல்வாழ் இனங்களில் நான்கில் ஒன்று வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அவற்றை நம்பி இருக்கிறது! 2023இல் தொடங்கி உலகத்தையே சுற்றி வந்த வெளுப்பு, பவளப்பாறைப் பரப்பில் 84 விழுக்காட்டைத் தொட்டது. இதுவரை பதிவானதிலேயே பெரியது. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் புளோரிடாவில் மனாட்டி விரிகுடாவின் ஆழமற்ற நீரில் ஒரு கருவி காட்டிய வெப்பம் 38.4 டிகிரி. நம் உடம்பின் சூட்டையும் தாண்டிய கடல்! செங்கடலில் இன்னொரு விந்தை. பௌர்ணமியையும் நீரின் சூட்டையும் கணக்குவைத்து, ஒரே இரவில், ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் வெளியிடும் பவள இனங்களில் சில, அந்த ஒத்திசைவை இழந்து ஆளுக்கொரு நாளில் வெளியிடுகின்றன என்று 2019இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் கண்டார்கள். சேராத முட்டை கருவாகாது. பாறை பார்வைக்கு நலமாக இருக்கும். அடுத்த தலைமுறை மட்டும் வராது.

இதெல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை சூழ்ந்த 21 தீவுகள் வரிசையாக இருந்தன. இருந்தன என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன! தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1986இல் 16 ஹெக்டேர். 2014இல் 2 ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. இந்தத் தேய்வுக்குக் காலநிலை மட்டும் காரணமில்லை. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தோம். 2004 சுனாமியை ஒட்டித்தான் அது நின்றது. அலையை உடைத்துக் கரையைக் காத்த பார்களை நாமே பெயர்த்த பிறகு, 2016 கோடைச் சூட்டில் மீதமிருந்த பவளமும் வெளுத்துப் பெருமளவு மடிந்தது. முதலில் நம் கை, அடுத்து கடலின் சூடு என்று அந்தத் தீவுகள் இரண்டு முறை அடிபட்டன.

ஆனால் கேளுங்கள்! வான் தீவைக் காப்பாற்ற முடியுமா என்று தமிழக அரசும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் 2015இலிருந்து ஒரு வேலை செய்தன. துளைகள் வைத்த ஆயிரக்கணக்கான கான்கிரீட் கட்டுமானங்களைத் தீவைச் சுற்றிக் கடலுக்குள் இறக்கி, செயற்கைப் பார் ஒன்றையே கட்டினார்கள். அலையின் வேகம் அடங்கியது, அரிப்பு தணிந்தது. துளைகளுக்குள் மீன்கள் குடியேறின, கான்கிரீட்டின் மேல் பவளக் குஞ்சுகள் வந்து ஒட்டின! மனிதன் பெயர்த்த பாரை மனிதனே திரும்ப வைக்க முடிகிறது என்பதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் சூட்டைத் தடுக்கும் கான்கிரீட் இல்லை.

அதே கடலில் பாசி எடுக்கும் பெண்களைத் தெரியுமா? பாம்பன், சின்னப்பாலம், பாரதிநகர் பக்கத்துப் பெண்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டிக்கொண்டு, எந்தச் சுவாசக் கருவியும் இல்லாமல் மூச்சடக்கி மூழ்குவார்கள். பாறை இடுக்கில் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றையும் இனம் பிரித்துப் பறிப்பார்கள். மாதம் முழுவதும் இறங்குவதில்லை. வளர்பிறை தேய்பிறை பார்த்து, நீர் இறங்கும் நாட்களில் மட்டும் போவார்கள். பாசி தழைக்க இடைவெளி வேண்டும் என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. அவர்கள் பறித்த பாசியிலிருந்து வரும் அகர், நாம் சாப்பிடும் இனிப்பிலும் ஆய்வுக்கூடத் தட்டுகளிலும் இருக்கிறது! தண்ணீர் சூடாகிவிட்டது, பாசி குறைந்துவிட்டது என்று அவர்கள் சொல்லி வெகுகாலம் ஆகிறது. வளர்ப்புப் பாசிக்கும் அதே கதிதான். ராமநாதபுரக் கரையில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்த்த கப்பாபைகஸ் பாசி, 2012–13இல் 1,500 டன் உலர்பாசி என்ற உச்சத்தைத் தொட்டது. அடுத்து வந்த சூட்டில் கொத்துக்கொத்தாக அழுகி விழுந்தது. மிதவையை நம்பிக் கடன் வாங்கியவர்களின் நிலையை யோசியுங்கள்.

கடலாமை முட்டையிடும்போது குஞ்சு ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகி இருக்காது, தெரியுமா? முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடுதான் முடிவு செய்யும்! குளிர்ந்த மணலில் ஆண், சூடான மணலில் பெண். சுமார் 29 டிகிரியில் இரண்டும் சமம். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் இருக்கும் ரெய்ன் தீவு, பச்சை ஆமைகள் முட்டையிடும் உலகின் மிகப்பெரிய இடங்களில் ஒன்று. அங்கிருந்து வந்த ஆமைகளின் ரத்தத்தைச் சோதித்து 2018இல் வெளியான முடிவு: வளர்ந்த ஆமைகளில் பெண்கள் 87 விழுக்காடு. இளம் ஆமைகளில் பெண்கள் 99 விழுக்காட்டுக்கும் மேல்! ஏறத்தாழ 20 ஆண்டுகளாக அந்த மணல் ஆண் ஆமையை அரிதாகவே தந்திருக்கிறது என்று பொருள். ஆமைக்கு ஆயுள் நீளம் என்பதால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. முட்டைகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் கருவுறாத முட்டைகளாக வரும். சென்னைக் கரையில் தை, மாசி இரவுகளில் மாணவர்கள் 1988 முதல் நடந்து நடந்து பாதுகாக்கும் பங்குனி ஆமைக்கும் இதே விதிதான்.

இனி பசிபிக்கின் வடக்கே போவோம். அங்கே நடந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் பனி நண்டுகள் 1,000 கோடிக்கும் மேல் காணாமல் போயின! 2018, 2019இல் கடல் வெப்ப அலை. நண்டுகளை யாரும் பிடித்துவிடவில்லை. சூட்டில் வெந்தும் சாகவில்லை. பின் என்ன? பசி! நீரின் சூடு 0 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு ஏறினால் அந்த நண்டின் உடம்புக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தீனி வேண்டும். அத்தனை கோடி நண்டுகளுக்கும் அவ்வளவு தீனி கடலில் இல்லை. 2022 அக்டோபரில் வரலாற்றிலேயே முதன்முறையாக அங்கே பனி நண்டு பிடிப்புப் பருவமே ரத்தானது. நண்டை நம்பியிருந்த தீவு ஊர்கள் வருமானமின்றி நின்றன.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2014 முதல் 2016 வரை, அதே வட பசிபிக்கில் தங்கிய வேறொரு வெப்ப அலையில் காமன் மர் என்னும் கடற்பறவைகள் சுமார் 40 லட்சம் பட்டினியில் மடிந்தன. அலாஸ்காவில் இருந்ததில் பாதி! சூட்டில் சிறுமீன்கள் குறைந்ததால் வந்த வினை. பறவைகள் நீருக்குள் எவ்வளவு ஆழம் மூழ்கினாலும் இரை இல்லை.

கலிபோர்னியாவில் ஒரு நட்சத்திர மீன் செத்ததால் ஒரு காடே அழிந்தது, தெரியுமா? சூரியகாந்தி நட்சத்திர மீன், 24 கைகள் வரை, ஒரு மீட்டர் அகலம். 2013இல் தொடங்கிய ஒரு நோய் அதன் உடம்பைக் கரைத்துக் கூழாக்கியது. சூடான நீர் அந்த நோய்க்குத் துணை நின்றது. உலகில் இருந்ததில் 90 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது. நோய்க்குக் காரணமான பாக்டீரியா எது என்று 2025இல்தான் கண்டுபிடித்தார்கள்! இந்த நட்சத்திர மீனின் இரை ஊதா நிறக் கடல் முள்ளெலி. தின்பவர் இல்லாமல் முள்ளெலிகள் பல மடங்கு பெருகின. அவற்றின் தீனி கெல்ப் எனும் ராட்சதப் பாசி. கடலடியில் நெடுநெடுவென்று வளர்ந்து காடாக நிற்கும் அதை மொட்டையடித்துவிட்டன. வட கலிபோர்னியாவில் கெல்ப் காட்டில் 90 விழுக்காட்டுக்கும் மேல் காணோம். காடு போனதும் அதைத் தின்று வாழ்ந்த அபலோன் என்னும் கடல் நத்தைகள் பட்டினியில் மடிய, 2018இல் அபலோன் பிடிப்பும் மூடப்பட்டது. முள்ளெலிகள் மட்டும் சாகவில்லை! தின்ன ஒன்றுமில்லாமலே ஆண்டுக்கணக்கில் உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாறைகளில் காத்திருக்கின்றன. ஓர் இளந்தளிர் முளைத்தாலும் தின்பதற்கு!

அட்லாண்டிக்கில் இதே சங்கிலி ஒரு திமிங்கிலத்தில் முடிகிறது. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் உலகத்தில் 400க்கும் குறைவாகத்தான் மிச்சம். அவை தின்பது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு மிதவை உயிர். மெய்ன் வளைகுடா சூடேற, அந்த இரை வடக்கே நகர, திமிங்கிலங்களும் பின்னால் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே அவை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கப்பல்களுக்கு வேகக் கட்டுப்பாடு இல்லை, நண்டுக் கூண்டுக் கயிறுகள் எங்கும். 2017இல் கனடாக் கடலில் மட்டும் 12 திமிங்கிலங்கள் மாண்டன.

சூட்டோடு கரியமில வாயுவும் கடலுக்குள் போகிறது. நாம் வெளியிடுவதில் கிட்டத்தட்ட கால்பங்கு! அது நீரில் கரைந்து அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த கடலின் பி.எச். இன்று 8.1. தசமத்தில் ஒன்றுதானே? அந்த அளவுகோலின் கணக்கு வேறு. அமிலத்தன்மை சுமார் 30 விழுக்காடு கூடிவிட்டது! அமெரிக்காவின் ஓரிகனில் 2007இல் ஒரு சிப்பிக் குஞ்சு உற்பத்திப் பண்ணையில் கோடிக்கணக்கான குஞ்சுகள் செத்தன. நோய் என்றுதான் முதலில் தேடினார்கள். தொட்டிக்குள் வந்த கடல்நீர் புளித்திருந்தது! ஓடு கட்ட வேண்டிய முதல் சில நாட்களிலேயே குஞ்சுகள் தோற்றுப்போயின. டெரோபாட் என்ற கடல் வண்ணத்துப்பூச்சியை, இந்த நூற்றாண்டின் இறுதியில் வரக்கூடிய அமிலத்தன்மை கொண்ட நீரில் வைத்தபோது 45 நாட்களில் அதன் ஓடு கரைந்துபோனது. இன்னொன்று தெரியுமா? அமிலம் கூடக்கூட கடல் இரைச்சலாகிறது! கப்பல் எஞ்சின் போன்ற தாழ்ந்த ஒலிகளை உறிஞ்சும் தன்மை நீரில் குறைந்து, அவை இன்னும் தூரம் போகின்றன.

இத்தனைக்கும் நடுவில், பப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் கோமாளி மீன்கள் செய்ததைக் கேளுங்கள். 2023 வெப்ப அலையின்போது ஆய்வாளர்கள் 134 மீன்களை மாதந்தோறும் அளந்தார்கள். சுமார் 100 மீன்கள் சிறுத்துவிட்டன! மெலியவில்லை, நீளத்திலேயே குறைந்தன! உடம்பு சிறிதானால் தீனி குறைவாகப் போதும். சிறுத்த மீன்கள் பிழைக்கும் வாய்ப்பும் கூடியது. துணையோடு சேர்ந்து சிறுத்தவை இன்னும் நன்றாகப் பிழைத்தன. முதுகெலும்புள்ள ஓர் உயிர் தன் நீளத்தையே சுருக்கிக்கொள்கிறது! இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் இதைவிட வியந்தது எதுவுமில்லை.

வெப்பம் புயலுக்கும் எரிபொருள். அரபிக்கடல் முன்பெல்லாம் அமைதிக்குப் பேர்போனது. 1982க்கும் 2000க்கும் இடைப்பட்ட காலத்தோடு ஒப்பிட்டால் 2001க்கும் 2019க்கும் இடையில் அங்கே புயல்கள் 52 விழுக்காடு கூடியிருக்கின்றன. 2017 நவம்பர் 29 முற்பகலில் இலங்கைக்குப் பக்கத்தில் வெறும் தாழ்வு மண்டலம். மறுநாள் முற்பகலில் கன்னியாகுமரியை உலுக்கும் ஒக்கி புயல்! ஒரே நாளில் இவ்வளவு வேகமாக வலுத்தால், தூத்தூர், வள்ளவிளைக் கரைகளிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறா, சூரை பிடிக்கப் போனவர்களுக்குச் செய்தி எப்படி எட்டும்? நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் ஏராளம். ஒரு புயலை மட்டும் காட்டி இது காலநிலை மாற்றத்தின் வேலை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சூடான கடலின் மேல் புயல் கண்ணிமைக்கும் நேரத்தில் வலுப்பதை வானிலையாளர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

காலநிலை மாற்றத்தால் அழிந்த முதல் பாலூட்டி எது என்று கேட்டால் ஆஸ்திரேலியாவின் பிராம்பிள் கே மெலோமிஸ் என்ற சிறு எலியைச் சொல்கிறார்கள். உலகத்தில் அது வாழ்ந்ததே ஒரு சின்னத் தீவில். கடல் ஏறி ஏறித் தீவின் செடிகொடியை அடித்துப்போனது. 2009இல் கடைசியாகக் கண்ணில் பட்டது, 2019இல் அழிந்ததாக அரசே அறிவித்தது. அந்த எலிக்கு வேறு தீவு இல்லை. மனிதர்கள் இடம்பெயரத் தொடங்கிவிட்டார்கள். பிஜியில் வுனிடோகோலோவா என்ற ஊர் 2014இல் மேட்டுக்கு நகர்ந்தது. பனாமாவின் கார்டி சுக்டுப் தீவிலிருந்து 2024 ஜூனில் குணா பழங்குடியினர் சுமார் 300 குடும்பங்கள் நிலப்பகுதிக்குப் போயின.

துவாலுவைத் தெரியுமா? மக்கள்தொகை 11,000ஐ ஒட்டிய பசிபிக் தீவு நாடு. நிலம் கடலில் மூழ்கினாலும் நாடு என்றென்றும் நாடாகவே இருக்கும் என்று 2023இல் தன் அரசமைப்புச் சட்டத்தையே திருத்திக்கொண்டது! மண் இல்லாத நாட்டுக்கே சட்டம் எழுதிய மக்கள் அவர்கள். ஆண்டுக்கு 280 பேரை ஏற்றுக்கொள்வதாக ஆஸ்திரேலியா ஒப்பந்தம் போட்டது. 2025இல் முதல் குலுக்கல் திறந்த சில நாட்களிலேயே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெயர் கொடுத்தார்கள்.

அதே பசிபிக்கில் இன்னொரு தீவு நாடு வனுவாட்டு. அங்கே 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர் ஒரு யோசனை சொன்னார்கள். காலநிலையைக் கெடுப்பவர்களுக்குச் சட்டப்படி என்ன பொறுப்பு என்று உலக நீதிமன்றத்தையே கேட்டால் என்ன? வனுவாட்டு அரசைச் சம்மதிக்க வைத்தார்கள். அரசு மற்ற நாடுகளைச் சம்மதிக்க வைத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 டிசம்பரில் தி ஹேக் நகரில் விசாரணை. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறுவது சட்டமீறல், பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்கவும் வழி உண்டு! உலகத்தின் வெப்பத்தில் தங்கள் பங்கு என்று சொல்ல ஏதும் இல்லாத தீவுகளின் பிள்ளைகள் தொடங்கிவைத்த முயற்சி அது.